புழு கடித்தால் செடி என்ன செய்கிறது?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



செடிக்குக் காலில்லை, புழு வந்தால் ஓட முடியாது. ஆகவே கடிபட்டுச் சாவதுதான் அதன் விதி என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. செடியும் எதிர்த்து நிற்கிறது. அது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். பருத்திக் காட்டில் களையெடுப்பவருக்கும், அந்தப் பஞ்சை நூலாக்குபவருக்கும் இது சம்பந்தமில்லாத விஷயம் அல்ல.

1972-ம் ஆண்டு அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரீன், ரயன் என்ற இரு விஞ்ஞானிகள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். தக்காளி, உருளைக்கிழங்கு இலைகளைக் கொலராடோ வண்டு கடித்தால், கடிபட்ட இலையில் மட்டுமல்ல, கடிபடாத இலைகளிலும் ஒரு புரதம் சேருகிறது. அந்தப் புரதம் புழுவின் வயிற்றுக்குள் போய்ச் செரிமானத்தைக் கெடுக்கிறது. புழு தின்னும், தின்றது உடம்பில் ஒட்டாது, வளர்ச்சி குன்றும்.

ஓர் இலையில் பட்ட காயம் மற்ற இலைக்கு எப்படித் தெரிந்தது? 1991-ல் ரயன் குழுவினர் 'சிஸ்டமின்' என்ற மிகச் சிறிய பொருளைத் தக்காளியில் கண்டுபிடித்தார்கள். காயம் பட்டதும் அது வேலையைத் தொடங்குகிறது. அதன் தூண்டுதலால் ஜாஸ்மோனிக் அமிலம் பெருகி, செடி முழுவதும் செய்தி பரவுகிறது.

அந்தச் செய்தி ஜீனிடம் போகிறது. செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும் அதன் எல்லா ஜீன்களும் இருக்கின்றன. ஆனால் எல்லாமே எந்நேரமும் வேலை செய்வதில்லை. மில்லில் நிற்கும் பிரேம் எல்லாமா ஓடுகிறது? சுவிட்ச் போட்டதுதான் ஓடும். ஜீனுக்கும் முன்னால் ஒரு சுவிட்ச் உண்டு. சாதாரண காலத்தில் சில புரதங்கள் அதைப் போடவிடாமல் தடுக்கின்றன. காயச் செய்தி வந்ததும் செடி அந்தத் தடைப் புரதங்களை அழித்துவிடுகிறது. ஜீன் ஓடத் தொடங்குகிறது. இது 2007-ல் தெளிவாயிற்று.

இந்தச் சுவிட்சை வேறு ஜீனோடு இணைக்க முடியுமா? முடியும். 1987-லேயே உருளைக்கிழங்கின் காயச் சுவிட்சை ஒரு பாக்டீரியாவின் ஜீனோடு சேர்த்துப் புகையிலையில் வைத்தார்கள். இலையைக் காயப்படுத்தியதும் அந்த ஜீன் வேலை செய்தது. 2001-ல் பிரான்ஸ், ஸ்பெயின் விஞ்ஞானிகள் மக்காச்சோளத்தின் காயச் சுவிட்சை, புழுவைக் கொல்லும் பி.டி. ஜீனோடு சேர்த்து நெல்லில் வைத்தார்கள். தண்டுத் துளைப்பான் கடித்ததும் விஷம் உண்டாயிற்று, பயிர் தப்பியது.

இனி நம் பருத்திக்கு வருவோம். 2002-ல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியில் இருப்பது காயச் சுவிட்ச் அல்ல. காலிபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்த சுவிட்ச் அது. புழு வந்தாலும் வராவிட்டாலும் அது போட்டபடியே இருக்கும். விஷம் எந்நேரமும் செடியில் இருந்தால், அதற்குச் சாகாத புழுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும். இதைத் தாமதப்படுத்த, 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் கொடுத்து, ஓரத்தில் விதைக்கச் சொன்னார்கள். அரைக் காணி, ஒரு காணி வைத்திருப்பவன் புழுவுக்கென்று நிலம் ஒதுக்குவானா? பலர் விதைக்கவில்லை. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த விஷத்துக்குச் சாகவில்லை என்று 2010-ல் மான்சாண்டோ கம்பெனியே அறிவித்தது. இரண்டு ஜீன் வைத்த அடுத்த ரகமும் பின்னர் அந்தப் புழுவிடம் தோற்றது.

விதை தோற்றால் மறுபடி மருந்தடிப்பு. தெளிப்பானை முதுகில் சுமப்பவன் யார்? கூலிக்காரன்! 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளும் பலர் விஷம் ஏறி மாண்டார்கள். காய் சொத்தையானால் காட்டில் எடுப்புக் கூலியும் குறைகிறது.

அப்படியானால் காயச் சுவிட்ச் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? அப்படியும் சொல்ல மாட்டோம். புழு முதல் கடி கடித்த பிறகுதான் அது வேலை செய்யும். புழு கடித்தாலும் களைக்கொத்து பட்டாலும் காயம் காயம்தான். புழு அதற்கும் பழகிக்கொள்ளலாம்.

ஆகவே தோழர்களே, விஞ்ஞானம் என்றதும் பயந்து ஓட வேண்டாம். வியாபாரி புகழ்ந்ததும் மயங்கவும் வேண்டாம். புது விதை வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதன் ஜீன் எந்நேரமும் ஓடுமா, கடித்தால் ஓடுமா? புழு பழகிவிட்டால் மாற்றுவழி என்ன? மருந்தடிக்க நேர்ந்தால் முகமூடியும் கையுறையும் யார் கொடுப்பது? மூன்றாவது கேள்வியைக் கூலி பேசும்போதே கேளுங்கள். பதில் கிடைக்காமல் தெளிப்பானைத் தோளில் ஏற்றாதீர்கள்!