மோட்டாரை நிறுத்தும் சிறு பலகை

(புதுச்சேரி நகரில் நடைபெற்ற உழவர் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



இரவில் மோட்டாரைப் போட்டுவிட்டு உறங்கச் செல்கிறோம். விடியும்போது வரப்பு வழிந்து நீர் ஓடுகிறது. கடற்கரையை அடுத்த பகுதிகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்ததனால் நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருக்கிறது. உப்பேறிய கிணறு எளிதில் நன்னீர்க் கிணறாகத் திரும்புவதில்லை. ஆகவே, மோட்டாரைப் போடுவதைக் காட்டிலும் அதைத் தக்க வேளையில் நிறுத்துவதே இன்று நாம் கற்க வேண்டிய வித்தை. அதற்குத் துணை செய்யும் ஒரு கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

உள்ளங்கையில் அடங்கும் இப்பலகைக்கு ஆர்டுயினோ ஊனோ என்று பெயர். ஆர்டுயினோ பலகைகள் 2005-ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகத் தோன்றியவை. இதன்மேல் உள்ள மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு, நாம் எழுதித் தரும் கட்டளைகளை இடைவிடாது நிறைவேற்றும். நம் நாட்டிலேயே சி-டாக் நிறுவனம் தேஜஸ்32 என்னும் சில்லைக் கொண்டு ஏரீஸ் என்ற பலகையை உருவாக்கியிருக்கிறது. அதற்கும் இதே மென்பொருளில் கட்டளை எழுதலாம்.

தொடங்கும் முறை எளிது. ஆர்டுயினோ மென்பொருளை விலையின்றிக் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். பலகையை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து, பலகையின் பெயரையும் அது இணைந்துள்ள போர்ட்டையும் திரையில் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் முதன்முதலில் முயன்றபோது அரை நாள் வீணாயிற்று. நான் எடுத்த கம்பி கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே உதவுவது; செய்தியைக் கடத்தாது. பலகையில் விளக்கு எரிந்தது. கணினியோ அதை அறியவில்லை.

அடுத்து, மென்பொருளிலேயே உள்ள 'பிளிங்க்' என்னும் மாதிரியைப் பலகையில் ஏற்றுக. பலகையின் சிறு விளக்கு ஒரு விநாடி எரிந்து ஒரு விநாடி அணையும். கட்டளையிலுள்ள 1000 என்ற எண்ணை 200 ஆக்கி மீண்டும் ஏற்றினால் விரைந்து சிமிட்டும். எழுதும் கட்டளைகள் இரு பகுதிகளாக அமையும். 'செட்டப்' பகுதி மின்சாரம் வந்ததும் ஒரு முறை நடைபெறும். 'லூப்' பகுதி திரும்பத் திரும்ப நடைபெறும். மின்சாரம் நின்றாலும் கட்டளைகள் அழிவதில்லை.

இனி வயலுக்கு வருவோம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்கு நீர் கட்டுவது நாம் அறிந்ததே. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஓர் அளவு வகுத்திருக்கிறது. துளையிட்ட குழாயொன்றை வயலில் பதித்து, அதற்குள் நீர் மண்மட்டத்திற்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும், மண்ணுக்கு மேல் 5 செ.மீ. நிற்குமாறு பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடலாகாது. இம்முறையால் 30 சதவிகிதம் வரை நீர் மிச்சமாகும் என்று அந்நிலையம் கூறுகிறது.

அக்குழாய்க்குள் இவ்விரு மட்டங்களிலும் மிதவை ஸ்விட்சுகளைப் பொருத்திப் பலகையோடு இணைக்கலாம். கீழ் மிதவை இறங்கினால் மோட்டாரைப் போடு. மேல் மிதவை ஏறினால் நிறுத்து. இடையில் இருக்கும் நிலையிலேயே விடு — இவ்வளவே கட்டளை. ஒரே மிதவையை நம்பினால் நீர் சற்று அசையும்போதெல்லாம் மோட்டார் ஓடி ஓடி நின்று பழுதாகும்.

அன்பர்களே, எச்சரிக்கை ஒன்று. பலகை 5 வோல்ட்டில் இயங்குவது. மோட்டாரோடு அதை நேரே இணைக்கவே கூடாது. ரிலே மூலம் ஸ்டார்ட்டருடன் இணைக்கும் வேலையைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடமே விடுக. நான் முதலில் மோட்டாருக்குப் பதில் ஒரு விளக்கை வைத்துச் சோதித்தேன். நிற்க வேண்டிய நேரத்தில் விளக்கு எரிந்தது! அந்த ரிலே, தாழ்ந்த மின்குறிக்கு இயங்கும் வகையைச் சேர்ந்தது. 'ஹை', 'லோ' என்னும் சொற்களை இடம் மாற்றியதும் சரியாயிற்று. விளக்கின் இடத்தில் மோட்டார் இருந்திருந்தால் வயல் மூழ்கியிருக்கும். மிதவை சிக்கிக்கொண்டாலும், குறித்த நேரத்திற்குப் பின் மோட்டார் தானே நிற்கும்படி ஒரு கட்டளை சேர்த்திடுக. மின்தடை நீங்கியதும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கலாம். ஆதலால் கிணற்றருகே வேலை செய்வோர் மெயின் ஸ்விட்சை அணைத்தாக வேண்டும்.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு தகவல் மையங்களைத் தொடங்கியபோது, அந்தந்த ஊராரே அவற்றை நடத்தினர். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் நிலவரம் ஒலிபெருக்கியில் மீனவர்க்கு அறிவிக்கப்பட்டது. ஊராரின் கையில் இருந்ததால் கருவி பயன் தந்தது. இப்பலகையும் அவ்வாறே. வெளியார் பொருத்திச் சென்றால் முதற் பழுதோடு மூலையில் கிடக்கும். ஊருக்கு இருவர், படித்த பெண்களோ இளைஞர்களோ, கட்டளையைத் திருத்தக் கற்றுக்கொள்ளட்டும். ஒரு வயலில், ஒரு பருவம் செய்து பார்ப்போம். நம் கிணற்று நீர் இனிப்பாகவே நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்.