முன்னும் பின்னும் எஞ்சின்



நான் பணிபுரியும் வஹகோட்டையில் தண்டவாளம் இல்லை. புகையிரதம் ஏற விரும்புவோர் பேருந்தில் மாத்தளைக்குச் செல்ல வேண்டும். கண்டியிலிருந்து புறப்பட்ட பாதை 1880ஆம் ஆண்டு மாத்தளையை அடைந்து அங்கேயே முடிந்துவிட்டது. ஆகவே மாத்தளை ஒரு முடிவிடம். முடிவிடத்தில் நிகழும் ஒரு சிறு காரியத்தை நான் பிள்ளைப் பருவம் முதலே வேடிக்கை பார்த்திருக்கிறேன். வண்டி வந்து நிற்கும். எஞ்சினைக் கழற்றுவார்கள். அது பக்கத்துத் தண்டவாளத்தில் தனியே ஊர்ந்து, வண்டியின் மறுகோடியை அடைந்து, அங்கே மீண்டும் பூட்டப்படும். அதன் பின்னரே வண்டி கண்டிக்குத் திரும்பும். ஒரு நாள் என்னுடன் வந்த மாணவன் ஒருவன், “ஐயா, இரண்டு பக்கமும் எஞ்சின் இருந்தால் என்ன?” என்று கேட்டான். அக்கேள்விக்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இரண்டு பக்கமும் எஞ்சின் பூட்டுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. கொழும்பிலிருந்து வந்த பாதை 1867இல் கண்டியை எட்டியது. இறம்புக்கனை முதல் கடுகண்ணாவை வரை சுமார் 13 மைல் தூரத்தில் ஏறத்தாழ 1400 அடி உயர வேண்டும். 45 அடி முன்னே சென்றால் ஓரடி உயரும் செங்குத்து அது. நீராவிக் காலத்தில் இறம்புக்கனையில் வண்டியை நிறுத்தி, பின்புறத்தில் இன்னோர் எஞ்சினைச் சேர்ப்பார்கள். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். கடுகண்ணாவையில் பின்னது விடைபெறும்.

இரு எஞ்சின்களிலும் இரு சாரதிகள் இருந்தார்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. முன்னவர் ஊதினால் பின்னவர் பதிலுக்கு ஊதுவார்; அந்தக் கூவல்தான் அவர்களின் மொழி. தேர் நிலைபெயர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். முன்னே வடம் பிடிப்போர் நூறு பேராயினும், பின்னே சக்கரத்தை நெம்பிக் கொடுப்போர் இன்றித் தேர் அசையாது. ஆனால் இரு சாராரும் ஒரே குரலுக்குக் கட்டுப்பட வேண்டும். முன்னோர் இழுக்கும்முன் பின்னோர் நெம்பினாலும், முன்னோர் நின்றபின் பின்னோர் நெம்பினாலும் ஆபத்தே.

இக்காலத்து மாற்றம் இந்த இடத்தில்தான் நிகழ்ந்தது. இன்று முன் எஞ்சினில் அமர்ந்த ஒரே சாரதி, பின் எஞ்சினையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ள முடியும். பெட்டிகளினூடே செல்லும் மின்கம்பி அவருடைய கட்டளையைக் கடைசிவரை கொண்டு செல்கிறது. பம்பாயிலிருந்து வடக்கே செல்லும் பாதையில், கசாராவுக்கும் இகத்புரிக்கும் இடையே, 37 அடிக்கு ஓரடி உயரும் மலையேற்றம் உண்டு. அங்கும் வண்டியை நிறுத்தித் தள்ளும் எஞ்சினைச் சேர்ப்பதே வழக்கம். 2019இல் பம்பாய் – டில்லி ராஜதானி வண்டி ஒன்றிற்கு இரு முனையிலும் எஞ்சின் பூட்டி, அவ்வாறு நிற்க வேண்டிய தேவையை நீக்கினார்கள்.

ராஜதானி வசதி படைத்தோர் செல்லும் வண்டி. எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது 2023 டிசெம்பர் 30ஆந் திகதி அயோத்தியில் தொடக்கி வைக்கப்பட்ட ‘அம்ரித் பாரத்’ வண்டியே. அதற்கு 22 பெட்டிகள். குளிரூட்டிய பெட்டி ஒன்றேனும் இல்லை. வேலை தேடித் தொலைதூரம் செல்லும் எளிய மக்களுக்கென அமைந்த அவ்வண்டியின் இரு முனையிலும் ஒவ்வோர் எஞ்சின். பெட்டிகள் சென்னைப் பெரம்பூரில் செய்யப்பட்டவை. விரைவு என்பது செல்வர்க்கே உரியது என்ற பழைய எண்ணத்தை அந்த இரண்டாவது எஞ்சின் சற்றே தள்ளி வைத்தது.

இரண்டாவது எஞ்சினால் விளையும் நன்மை யாது? ஒரே எஞ்சின் இழுத்தால், அதை அடுத்த கொளுவி முழு வண்டியின் பாரத்தையும் தாங்க வேண்டும். பின்னின்றும் தள்ளினால் அப்பாரம் பங்கிடப்படுகிறது. வண்டி விரைவில் வேகம் பெறுகிறது. முடிவிடத்தில் எஞ்சினைச் சுற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை. சாரதி மறுமுனைக்கு நடந்து சென்றால் போதும்.

ஆயினும் அளவுக்கு மிஞ்சித் தள்ளலாகாது. வளைவில் நிற்கும் இலேசான பெட்டியைப் பின்னின்று பலமாக நெருக்கினால், அது தண்டவாளத்தை விட்டு விலகக்கூடும். ஆகவே பின் எஞ்சினின் வலுவை அளவோடு பயன்படுத்துவதே அறிவுடைமை.

செலவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. ஒரு முனையில் மட்டும் எஞ்சினை வைத்து, மறுமுனைப் பெட்டியில் சாரதிக்கு ஓர் அறை அமைத்துவிடலாம். ஸ்கொத்லாந்தில், எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே, 1971 முதல் ஆறு பெட்டி வண்டிகள் இரு முனையிலும் எஞ்சினோடு ஓடின. பின்னர் ஓர் எஞ்சினைக் குறைத்து, மறுமுனையில் சாரதி அறை கொண்ட பெட்டியை வைத்தார்கள். 1984 ஜூலை 30ஆந் திகதி, பொல்மொன்ட் அருகே, எஞ்சின் பின்னின்று தள்ள, அந்த இலேசான பெட்டி முன்னே விரைந்தது. பாதையில் நின்ற பசு ஒன்றின் மீது மோதி அது தடம்புரண்டது. 13 பேர் மாண்டனர். முன் செல்வது பாரமாகவும், தடையை ஒதுக்கித் தள்ளும் அமைப்புடனும் இருக்க வேண்டும் என்பதை அந்த உயிர்கள் உணர்த்திச் சென்றன.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் இருந்துவிடலாகாது. 2025 பெப்ரவரியில், ஹபரணைக்கு அண்மையிலுள்ள கல்லோயாவில், புகையிரதம் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. நம் பாதைகளில் மாடும் உண்டு, யானையும் உண்டு.

எல்லா வண்டிக்கும் இரண்டு எஞ்சின் கொடுப்பது நம் நாட்டிற்கு இயலாது. எஞ்சினே வண்டியின் விலையுயர்ந்த உறுப்பு. எங்கே அது உண்மையில் பயன்படும் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். மலையேறும் பாதை ஒன்று; வண்டி திசை மாற வேண்டிய நிலையம் இன்னொன்று. கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் வண்டி கண்டிக்குள் வந்தால், மீண்டும் பேராதனைக்குத் திரும்பியே மலையேற வேண்டும். அங்கும் எஞ்சின் முனை மாற வேண்டியதே. தோட்டத்துத் தொழிலாளரும், ஆசிரியரும், நோயாளரும் காத்திருக்கும் நிமிடங்கள் அவை. காத்திருப்பவர் ஏழையாயின், அவருடைய நேரத்திற்கு விலையில்லை என்று எண்ணுவது நம்மிடம் உள்ள பழைய குற்றம். புதிய வண்டிகள் வாங்கும் திட்டம் எழுதப்படும்போதெல்லாம் இதையும் ஒரு வரியாகச் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

அன்று கேட்ட மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: “தம்பி, இரண்டு எஞ்சின் இருந்தால் நல்லதே. ஆனால் இரண்டையும் ஒரே கை நடத்த வேண்டும். அந்தக் கை, நடுவில் இருக்கும் பெட்டிகளை மறக்கலாகாது.” அவன் சற்று யோசித்து, “பெட்டிக்குள்ளேதானே நாங்கள் இருக்கிறோம், ஐயா” என்றான்.