வீட்டுக்குள் வந்தது எந்தப் பாம்பு?

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழையும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. எலியைத் தேடிச் சாரை வரும்; பல்லியைத் தேடி ஓநாய்ப் பாம்பு வரும்; மழைக்காலத்தில் குளியலறைக் குழாய் வழியே மண்புழு போன்ற புழுப்பாம்பு எட்டிப்பார்க்கும். முதன்மையாக அஞ்சவேண்டியவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். வந்திருப்பது இந்த நான்கில் ஒன்றா இல்லையா என்பதைத் தள்ளி நின்றே சொல்வதுதான் பாம்பை இனங்காணும் கலை. எல்லாப் பாம்புக்கும் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த நான்கையும், இவற்றைப் போலவே தோன்றி ஏமாற்றும் சிலவற்றையும் பிரித்தறியத் தெரிந்தால் ஒரு வீட்டுக்குப் போதும்.

நிறத்தை மட்டும் நம்புபவர் முதல் படியிலேயே தவறுவார். ஒரே இனத்தில் கறுப்பும் உண்டு, பழுப்பும் உண்டு. சட்டை உரிக்கும் நாள் நெருங்கினால் எந்தப் பாம்பும் மங்கிச் சாம்பல் பூத்துவிடும். தலை முக்கோணமாக இருந்தால்தான் நஞ்சு என்று ஊரெங்கும் சொல்லப்படுவது இன்னும் ஆபத்தானது. நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணமே அல்ல. மாறாக, சீண்டினால் தலையைத் தட்டையாக்கி விரியனைப் போலக் காட்டிக்கொள்ளும் அப்பாவிப் பாம்புகள் சில உண்டு.

இக்கலைக்குக் கடினமான தேர்வு கட்டுவிரியனும் ஓநாய்ப் பாம்பும்தான். ஓநாய்ப் பாம்பை வெள்ளிக்கோல் வரையன் என்றும் சொல்வார்கள். இரண்டும் இரவில் நடமாடுபவை. இரண்டிலும் குறுக்குப் பட்டைகள் உண்டு. பட்டை எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். கட்டுவிரியனின் பளபளக்கும் கருநீல உடலில் வெள்ளைக் கோடுகள் மெலிதாக, பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். கழுத்துப் பக்கம் அவை மங்கலாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது; வாலை நோக்கிப் போகப்போகத் தெளிவாகும். ஓநாய்ப் பாம்பில் இது தலைகீழ். முதல் பட்டை கழுத்தை ஒட்டியே அகலமாகத் தொடங்கும். வால் பக்கம் மங்கி மறையும். ஆனால் குட்டிக் கட்டுவிரியனில் பட்டைகள் முன்பகுதியிலும் தெரியலாம். பட்டையே இல்லாத கட்டுவிரியனும் அரிதாகத் தென்படும். அப்போது கைகொடுப்பது முதுகு. நடுமுதுகில் தலையிலிருந்து வால்வரை ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் கட்டுவிரியனில் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். ஓநாய்ப் பாம்பில் மற்றச் செதில்களும் அவையும் ஒரே அளவு. அறையின் மறுகோடியிலிருந்து கைபேசியில் பெரிதாக்கி எடுத்த படத்திலேயே இது தெரிந்துவிடும். சுவரிலும் பரணிலும் ஏறியிருப்பது பெரும்பாலும் ஓநாய்ப் பாம்புதான் என்றாலும், இருக்கும் இடத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

மற்ற மூன்றும் இவ்வளவு சிரமம் தருவதில்லை. கண்ணாடி விரியனின் தடித்த உடலில் கருவளையமிட்ட நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாகச் சங்கிலிபோல் ஓடும்; மலைப்பாம்புக் குட்டியில் திட்டுகள் ஒழுங்கற்றவை, மண்ணுளியின் வாலோ மொட்டையாக முடியும். சுருட்டை விரியனின் தலையில் அம்புக்குறி போன்ற வெளிர்க் குறி இருக்கும். சீண்டினால் செதில்களை உரசி அரம் தேய்ப்பதுபோல் ஒலி எழுப்பும். படம் எடுக்காத நல்ல பாம்பைச் சாரையென்று எண்ணிவிடுவது உண்டு. சாரைக்குக் கண் பெரிது. உதட்டுச் செதில்களில் கறுப்புக் கோடுகள் வரிவரியாக இருக்கும்.

பாம்பு போய்விட்டு, அது உரித்த சட்டை மட்டும் கிடைத்தாலும் படிக்க நிறைய இருக்கிறது. சட்டையில் நிறம் தங்குவதில்லை. செதில்களின் அச்சு மட்டும் அப்படியே நிற்கும். நடுமுதுகு வரிசையை விரலால் தடவியே பார்க்கலாம். கட்டுவிரியனா ஓநாய்ப் பாம்பா என்ற ஐயம் எழுந்தால், வாலின் அடிப்பக்கச் செதில்களைப் பார்க்கவேண்டும். அவை பிளவின்றி ஒற்றையாக இருந்தால் கட்டுவிரியன். நடுவே பிளந்து இரட்டையாக இருந்தால் ஓநாய்ப் பாம்பு. சட்டை, எச்சம், மண்ணில் பதிந்த தடம் ஆகியவற்றைக் கொண்டே பாம்பைக் கண்டுபிடிப்பதில் இருளர்களுக்கு இணையானவர் அரிது. அவர்கள் 1978இல் அமைத்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் இந்த நான்கு பாம்புகளின் நஞ்சை எடுத்து மருந்து தயாரிக்க அனுப்புகிறது. இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்த அறிவுக்குத் தாமதமாக வந்த மரியாதை.

இனம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் செய்யவேண்டியது ஒன்றே. குழந்தைகளையும் நாயையும் வெளியேற்றி, பாம்பின் மேல் ஒருவர் தொலைவிலிருந்தே கண் வைத்திருக்க, தீயணைப்புத் துறையையோ பயிற்சி பெற்ற பாம்புபிடிப்பவரையோ அழைக்கவேண்டும். துடைப்பத்தாலோ கம்பாலோ தள்ளிவிடப் பார்க்கும்போதுதான் பலர் கடிபடுகிறார்கள்.

கடிபட்டபின் இக்கலைக்கு வேலை குறைவு. கட்டுவிரியன் பெரும்பாலும் தரையில் உறங்குபவரைக் கடிக்கிறது. வலி சொற்பம், பல்தடமும் பலருக்குத் தெரியாது. விடியும்போது வயிற்றுவலியும் இமைச் சரிவும் வந்தபின்தான் சந்தேகமே எழும். இந்தியாவில் தரப்படும் நஞ்சுமுறி மருந்து நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. எனவே பாம்பை அடித்து எடுத்துச் செல்லத் தேவையில்லை. மருத்துவர் இமையையும் மூச்சையும் கவனிப்பார். கடிபட்டவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார். அதைக் கொண்டே சிகிச்சை தொடங்கும். பாம்பின் படம் கையில் இருந்தால் காட்டலாம். இல்லையென்றால் அதைத் தேடிக்கொண்டு நிற்காமல் 108ஐ அழைத்துவிடவேண்டும்.