பாடிய கணக்கு இயந்திரம்



மனிதரின் அரிய செயல்களைப் பாடும் இசை என்றால் நிலவும் எவரெஸ்டும்தான் நினைவுக்கு வரும். அவற்றைப் பாடியவர்கள் உண்டு. லண்டனின் 'பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங்' குழு 2015இல் விண்வெளிப் போட்டியைப் பற்றி ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டது. அதில் அப்போலோ 8 நிலவுக்குப் பின்னால் மறைந்து வானொலித் தொடர்பு அறுந்ததும் இசையும் ஏறக்குறைய மூச்சை அடக்கிக்கொள்கிறது. நல்ல வேலைதான். ஆனால் நிலவுக்குப் போனவர்களை உலகமே பாடிவிட்டது. யாரும் கேட்காத, எந்தப் பதக்கமும் இல்லாத சாதனைகளைத் தேடிப் போனவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர் ஐஸ்லாந்தின் இசையமைப்பாளர் யோஹான் யோஹான்சன்.

கதை அவருடைய தந்தையிடம் தொடங்குகிறது. ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. நாம் தலைப்பெழுத்தாக முன்னால் போடும் தந்தை பெயரை அவர்கள் பின்னால் போடுகிறார்கள். தந்தை யோஹான் குன்னார்சன், ஐபிஎம் நிறுவனத்தின் பராமரிப்புப் பொறியாளர். 1964இல் அந்த நாட்டுக்கு ஓர் ஐபிஎம் 1401 வந்து இறங்கியது. சம்பளப் பட்டியல், ரசீது, இருப்புக் கணக்கு போடுவதற்கான இயந்திரம் அது. அந்த வகையில் பத்தாயிரத்துக்கு மேல் உற்பத்தியாயின. ஒலி எழுப்ப அதில் எந்த வசதியும் இல்லை.

ஆனால் அதன் காந்த நினைவகம் வேலை செய்யும்போது மின்காந்த அலைகள் கசிந்தன. மீடியம் வேவ் ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பக்கத்து அறையில் யாராவது ட்யூப் லைட் போட்டால் பாட்டின் நடுவே கரகரவென்று கேட்குமே, அதே சங்கதி. குன்னார்சன் கணினியின் அருகே ஒரு ரேடியோவை வைத்தார். ஒரே கட்டளைத் தொடரைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் அந்த இரைச்சல் ஒரு சுரமாகிறது. தொடர் குறுகினால் சுரம் ஏறும், நீண்டால் இறங்கும். இந்த இயந்திரத்தின் ஒரு நினைவகச் சுற்றுக்கு 11.5 மைக்ரோவினாடி, கணக்குப் போட்டுப் பார்த்தால், நொடிக்கு 440 அதிர்வுள்ள சுரத்துக்குச் சுமார் 198 சுற்றுகள் கொண்ட தொடர் வேண்டும். இப்படி ஒவ்வொரு சுரமாக எண்ணி எண்ணி ஒரு மெட்டையே கட்டினார் அந்த மனிதர். சம்பளம் இதற்காகக் கொடுக்கப்படவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1971இல் இயந்திரத்துக்கு ஓய்வு கொடுத்தபோது பிரிவுபசார விழாவே நடத்தினார்கள். கணினி பாடியது. பாட்டு ஒலிநாடாவில் பதிவானது. அதில் மருத்துவரான சிக்வால்டி கால்தலோன்ஸ் மெட்டமைத்த நாட்டுப்பற்றுப் பாடலும் ஒன்று.

மகன் அப்போது சிறு குழந்தை. அவர் வளர்ந்து, 1999இல் ரேக்யவிக்கில் 'கிச்சன் மோட்டார்ஸ்' என்ற கலைஞர் கூட்டமைப்பை நண்பர்களோடு தொடங்கினார். ராக் வாசிப்பவரும் செவ்வியல் இசைக்காரரும் மின்னணுக் கருவிக்காரரும் ஒரே மேடையில் நின்று என்ன ஆகிறது என்று பார்த்த இடம் அது. அங்கே பழகிய துணிச்சல்தான் தந்தையின் நாடாவைத் தூசி தட்டச் செய்தது என்று நினைக்கிறேன். நடனக் கலைஞர் எர்னா ஓமார்ஸ்தோத்திரின் ஆட்டத்துக்காக நான்கு தந்திக் கருவிகளுக்கு முதலில் எழுதினார். பிறகு அதையே பெரிய தந்தி இசைக்குழுவுக்காக விரித்து பிராகாவில் பதிவு செய்தார். 2006இல் '4ஏடி' என்ற சுயேச்சை நிறுவனம் 'ஐபிஎம் 1401, பயனர் கையேடு' என்ற பெயரில் அதை வெளியிட்டது. அச்சுப்பொறி, துளை அட்டைக் கருவி, காந்த நாடாக் கருவி என்று இயந்திரத்தின் உறுப்புகளே, கடைசிப் பகுதி தவிர, மற்றப் பகுதிகளின் தலைப்புகள்.

இங்கே யோஹான்சன் செய்யாமல் விட்டதுதான் முக்கியம். கணினியின் மெட்டை அவர் அழகுபடுத்தவில்லை. இரைச்சலோடும் தடுமாற்றத்தோடும் அது முதலில் வருகிறது; தந்திகள் பின்னால் மெல்ல வந்து சேர்கின்றன. இரண்டாம் பகுதியில் ஓர் ஆண்குரல் அச்சுப்பொறியின் பராமரிப்புக் குறிப்புகளைச் சிறிதும் உணர்ச்சியின்றி வாசிக்கிறது. அந்த வறட்டுக் குரலுக்குக் கீழே தந்திகள் உருகுவதைக் கேட்டால், சிரிப்பதா கலங்குவதா என்று தெரியாது. கடைசிப் பகுதியில் மட்டும் இயந்திரக் குரலே சொற்களைப் பாடத் தொடங்குகிறது. அது எனக்குக் கொஞ்சம் மிகை. அதுவரை சொல்லில்லாமலே நமக்குப் புரிந்ததை அது எடுத்துச் சொல்கிறது. இந்தப் பகுதியைத்தான் பலரும் விரும்பிக் கேட்கிறார்கள் என்பதும் தெரியும்.

2008இல் வந்த 'ஃபோர்ட்லாந்தியா'வில் அவர் இன்னும் துணிந்தார். அமேசான் காட்டில் ரப்பருக்காக ஹென்றி ஃபோர்டு 1928இல் தொடங்கிய, 1945இல் கைவிடப்பட்ட நகரம் அதன் கரு. அதாவது, தோற்றுப்போன சாதனை. பிறகு திரைப்படங்கள் வந்தன. 'தி தியரி ஆஃப் எவ்ரிதிங்' படத்தின் இசைக்காக அவருக்கு கோல்டன் குளோப் விருது கிடைத்தது. 2018 பிப்ரவரியில் பெர்லினில் இறந்தபோது அவருக்கு வயது 48.

இப்போது 'ஐபிஎம் 1401' தொகுப்பின் முதல் பகுதியை ஒலிக்கவிடுகிறோம். தொடக்கத்தில் வரும் இரைச்சல் அந்தப் பழைய நாடாவினுடையது. அதைக் குறைக்க வேண்டாமென்று ஒலியமைப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன்.