ஓடைக்குக் காவல்! கடலுக்கு?



தேயிலை மலையிலே நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுகிறானே எனக் கேலி செய்வோர் உண்டு. செய்யட்டும்! மீனுக்குக் காவல் தேவை என்பதை ஆண்டவர்களே ஒப்புக்கொண்ட இடம் இந்த நீலகிரி.

பொழுதுபோக்கத் தூண்டில் பிடித்த துரைமார் 1877இல் சங்கம் கண்டனர், 1879இல் சட்டம் பெற்றனர், காவலரை அமர்த்தினர். 1907இல் அவலாஞ்சியிலே டிரவுட் மீனுக்குப் பொரிப்பகமே எழுந்தது. வந்தேறி மீன்தான் அது. ஆயினும் அதற்குக் கிட்டிய அக்கறையைப் பாருங்கள்! ஏட்டுச் சட்டம் ஓடையைக் காக்காது என்பதை விளையாட்டுக்கு மீன் தேடியவனும் உணர்ந்திருந்தான்.

வயிற்றுக்காக வலை வீசுவோனுக்கு? 1983இல் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கலாகாது என்றது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையும் உண்டு. நல்ல விதிகள்! நள்ளிரவிலே எல்லைக்குள் நுழையும் இழுவைமடியைத் தடுப்பவர் யார்? அறுந்த வலையோடு கரையேறும் கட்டுமரக்காரன் எவரிடம் முறையிடுவான்?

ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் நீண்ட கரை இது! ஆள் கொடுங்கள், ஆளுக்குப் படகு கொடுங்கள், படகுக்கு எண்ணெய் கொடுங்கள்! பிடிபட்டதைக் கணக்கெடுப்போரையும் சேர்த்தே கேட்கிறோம். அவரில்லையேல், 61 நாள் பட்டினி கிடந்ததால் மீன் பெருகிற்றா, குறைந்ததா என்று மீனவனுக்கு எவர் சொல்வது?