காங்கிரீட்டுக்கும் திருப்பணி உண்டு



மும்பைத் தமிழர்க்குத் தாதர் என்றதும் பூச்சந்தையும் இரண்டு இரயில் பாதைகள் கூடும் நிலையமுமே முதலில் நினைவுக்கு வரும். மாதுங்காவில் வாழ்பவர்க்கு அது அடுத்த வீடு; தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வருபவர்க்கு அன்றாடம் கடந்து செல்லும் வழி. அந்நிலையத்தின் மேற்புறம் இறங்கிக் கோகலே சாலையை அடைந்தால், பேருந்து நடத்துநர்கள் 'போர்ச்சுகீஸ் சர்ச்' என்று குரல் கொடுக்கும் சந்திப்பு ஒன்று உண்டு. இரட்சணிய மாதாவின் பெயரால் அமைந்த அக்கோயிலைப் பற்றியும், அது எதனால் ஆனதோ அந்தப் பொருளின் ஆயுளைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

கோயிலின் தோற்றம் பழையது. போர்ச்சுகீசியத் துறவியர் 1596ஆம் ஆண்டிலேயே இவ்விடத்தில் வழிபாட்டுக்கு அடிகோலினர் என்பர். ஆயினும் இன்று நாம் காணும் கட்டடம் 1974க்கும் 1977க்கும் இடையே எழுந்தது. அதை வகுத்தவர் சார்லஸ் கொரியா. 1930இல் செகந்திராபாத்தில் பிறந்து, 2015இல் இந்நகரிலேயே மறைந்த அப்பெரியார், சபர்மதி ஆசிரமத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை அமைத்தவர் என்றால் பலர்க்கும் விளங்கும்.

மாதா கோயில் என்றால் வானளாவும் ஊசிக்கோபுரமும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் நம் மனத்தில் எழுகின்றன. ஐரோப்பாவின் குளிருக்கு ஏற்ற அந்த மூடிய மண்டபத்தைக் கொரியா இங்கே கொண்டுவரவில்லை. கூரையிட்ட பகுதிகளும் திறந்த முற்றங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கூட்டம் மிகுந்தால் மக்கள் முற்றத்தில் நின்றும் வழிபடலாம். கூரையோ, மேலே செல்லச் செல்லக் குறுகி எழும் காங்கிரீட் ஓடுகள். வெப்பக் காற்று மேலே ஏறி உச்சியின் வழியே வெளியேற, பக்கங்களிலிருந்து குளிர்ந்த காற்று உட்புகுகிறது. ஓவியர் எம்.எப். ஹுசைனின் கைவண்ணமும் இக்கோயிலில் உண்டு. 'ஓடு' என்றவுடன் மங்களூர் ஓட்டை எண்ணிவிட வேண்டா. முட்டைக்கும் ஆமைக்கும் உள்ள ஓட்டையே குறிக்கிறேன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்க்கு இத்தகைய சொல் ஒரு சிறிய மகிழ்ச்சி. காங்கிரீட்டுக்குக் 'கற்காரை' என்று நல்ல தமிழ்ச் சொல் இருந்தும், கொத்தனாரும் நானும் காங்கிரீட் என்றே சொல்லி வருகிறோம்.

முட்டையோடு மெல்லியதாயினும் தன் வளைவினால் வலிமை பெறுகிறது. காங்கிரீட் ஓடும் அப்படியே. ஆனால் காங்கிரீட்டின் உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது. அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

புதிய காங்கிரீட் காரத்தன்மை மிக்கது. அக்காரம் கம்பியின்மேல் கண்ணுக்குப் புலப்படாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உட்சென்று அந்தக் காரத்தை மாற்றிவிடுகிறது. கடற்காற்றில் வரும் உப்போ காரம் இருக்கும்போதே படலத்தைத் துளைத்துவிடும். தாதர்க் கடற்கரை இக்கோயிலிலிருந்து நடக்கும் தொலைவில்தான் இருக்கிறது; நான்கு மாத மழைக்காலத்தில் இந்நகரில் இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. உப்பும் ஈரமும் கூடினால் இரும்பு துருப்பிடிக்கத் தடை ஏது? துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து நெருக்க, காங்கிரீட் விரிசல் கண்டு, பிறகு சில்லு சில்லாகப் பெயர்ந்து விழுகிறது. கனத்த தூணில் கம்பிக்குமேல் போர்வை போலக் காங்கிரீட் தடித்திருக்கும். மெல்லிய ஓட்டில் அப்போர்வையும் மெல்லியதே.

இந்நோயை மறைப்பது எளிது; தீர்ப்பதுதான் அரிது. பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி, மேலே வண்ணம் அடித்துவிட்டால் அடுத்த மழை வரை அழகாக இருக்கும். துருவைச் சுரண்டாமல் பூசிய பூச்சுக்குள் துரு தன் வேலையைத் தொடரும். உப்பேறிய காங்கிரீட்டை அகற்றாமல் ஒட்டுப்போட்டாலோ, ஒட்டை அடுத்துள்ள பழைய பகுதியில் கம்பி முன்னிலும் விரைவாக அரிக்கப்படுவதும் உண்டு. சரியான முறை பொறுமையானது. சாரம் கட்டி, சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பிளந்த இடம் பொள்ளென்று சொல்லும். பானை வாங்கும் நம் பாட்டியருக்கு இது புதிதன்று. காரம் எதுவரை போயிற்று என்று அறிய, உடைத்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். நலமான பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் இழந்த பகுதி நிறம் மாறாது நிற்கும்.

கற்கோயில்களுக்கு நம் முன்னோர் ஓர் ஏற்பாடு செய்து வைத்தனர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு; அதற்குமுன் பாலாலயம், திருப்பணி. விமானத்தில் முளைத்த ஆலஞ்செடி வேரோடு அகற்றப்படுவதும், சுதை வேலை செப்பனிடப்படுவதும், ஒழுகும் தளத்துக்கு மருந்திடப்படுவதும் அச்சமயத்தில்தான். பக்தி காலத்தைக் குறித்துவிட்டதால் பராமரிப்பு தப்பவில்லை. காங்கிரீட் நமக்கு வந்தபோது இத்தகைய நாட்குறிப்பு ஒன்றும் உடன் வரவில்லை. அதற்கு அழிவே இல்லை என்ற நம்பிக்கை மட்டும் வந்தது. செம்பூரிலும் மாதுங்காவிலும் அடுக்குமாடியில் வாழும் நேயர்கள் இந்நம்பிக்கையின் விலையை அறிவார்கள். மகாராட்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகள், பதினைந்து ஆண்டு கடந்த கட்டடத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும், முப்பது ஆண்டு கடந்ததை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் ஆராயச் சொல்கின்றன. 'ஸ்டிரக்சுரல் ஆடிட்' என்று சங்கக் கூட்டத்தில் சொன்னதும் செலவைக் குறித்து எழும் முணுமுணுப்பையும் நாம் கேட்டிருக்கிறோம்.

காங்கிரீட் முப்பது ஆண்டில் மருத்துவரைத் தேடுகிறது. சட்டமோ மேலும் முதிர்ந்த பின்னரே அதை மரபுச் செல்வமாக மதிக்கிறது. தேசிய முக்கியத்துவம் பெற, 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி ஒரு சின்னம் நூறாண்டு கடந்திருக்க வேண்டும். தில்லியில் 1972இல் ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் எழுப்பிய 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' என்னும் காங்கிரீட் மண்டபத்தை உலகமே வியந்தது. அறுபது ஆண்டு ஆகவில்லை என்ற காரணத்தால் அது மரபுக் கட்டடமாக ஏற்கப்படாமல், 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. அப்போது அதன் வயது நாற்பத்தைந்து.

பிரான்சு நாட்டில் நடந்தது வேறு. பாரிசுக்கு அருகே ல ரேன்சி என்னும் ஊரில் ஒகுஸ்த் பெரே 1923இல் கட்டிமுடித்த மாதா கோயில், பூச்சில்லாத காங்கிரீட்டில் எழுந்தது. அதன் காங்கிரீட்டும் சிதையத்தான் செய்தது. எனினும் 1966இலேயே, நாற்பத்து மூன்றாம் வயதில், அது வரலாற்றுச் சின்னமாகப் பதிவாயிற்று. பின்னர்ப் பழுதும் பார்க்கப்பட்டது. அமெரிக்காவில் பிராங்க் லாயிட் ரைட் 1905இல் வகுக்கத் தொடங்கிய யூனிட்டி டெம்பிளும் 2015 முதல் 2017 வரை செப்பனிடப்பட்டு, 2019இல் உலக மரபுச் சின்னமாயிற்று. ல ரேன்சி கோயில் பதிவான அதே நாற்பத்து மூன்று வயதைத் தாதர்க் கோயில் 2020இலேயே கடந்துவிட்டது.

இக்கோயிலைப் பார்க்க விரும்புவோர் மழைக்காலத்தில், ஒரு பெருமழை ஓய்ந்த மறுநாள் செல்வது நல்லது. முற்றத்தில் நின்று ஓடுகள் மேலெழும் வளைவைப் பாருங்கள். பிறகு விளிம்புகளையும் நீர் வடியும் இடங்களையும் பாருங்கள். எந்தக் காங்கிரீட் கட்டடத்திலும் மயிரிழை விரிசலும் பழுப்புநிறக் கசிவும் முதலில் அங்கேதான் தலைகாட்டும். வீடு திரும்பியதும் உங்கள் மொட்டைமாடியின் விளிம்பையும் அப்படியே ஒருமுறை பார்த்து வையுங்கள்.