பந்தயக் கடிகாரம் நிலவுக் கடிகாரமான வரலாறு



மொழி பற்றிய பொழிவில் கைக்கடிகாரத்தைப் பேசப் புகுந்தது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஒரு பொருளுக்குரிய பெயரை யார் முடிவு செய்கிறார் என்னும் வினாவே நம்மை இதன்பால் ஈர்த்தது. நாம் எடுத்துக்கொண்ட கடிகாரம், சுவிட்சர்லாந்து நாட்டு ஒமேகா நிறுவனத்தின் ஸ்பீட்மாஸ்டர்.

முதற்கண் அதன் வகைப்பெயரை நோக்குவோம். ஸ்பீட்மாஸ்டர் ஒரு குரோனோகிராஃப். அஃதாவது, நேரங்காட்டியும் நிறுத்துக் கடிகாரமும் ஒரே கூட்டுக்குள் அமைந்த கருவி. கிரேக்கத்தில் ‘குரோனோஸ்’ என்பது காலம். ‘கிராஃபோ’ என்பது எழுதுதல். 1821இல் பாரிசு நகரக் குதிரைப் பந்தயமொன்றில் ரியூசெக் என்னும் கடிகாரக் கலைஞரின் கருவி, சுழலும் தட்டின்மீது மைத்துளி இட்டு, குதிரைகள் எல்லையைக் கடந்த கணத்தைப் பதிவு செய்தது. அக்கருவி உண்மையாகவே காலத்தை எழுதியது. பின்னாளில் மை மறைந்தது, பெயர் நிலைத்தது. ‘கடிகாரம்’ என்னும் நம் சொல்லும் அத்தகையதே. கடிகை என்பது நீரைக் கொண்டு நாழிகை அளந்த சிறு கலம். கலம் வழக்கொழிந்தது, சொல் இன்று நம் மணிக்கட்டில் இருக்கிறது.

ஸ்பீட்மாஸ்டர் 1957இல் வெளிவந்தது. வேகத்தை ஆள்வது என்பது அப்பெயரின் கருத்து. அதில் விண்ணும் இல்லை, நிலவும் இல்லை. கார்ப் பந்தயத்தை எண்ணியே அது படைக்கப்பட்டது. வேகம் கணிக்கும் அளவுகோலை அதன் வெளிவளையத்திலேயே பொறித்திருந்தனர். ஒரு கிலோமீட்டரைக் கடக்க 30 வினாடி ஆயின், முள் 120 என்னும் எண்ணைக் காட்டும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் என்பது அதன் பொருள்.

1962 அக்டோபரில் வால்ட்டர் ஷிரா என்னும் அமெரிக்க விண்வெளி வீரர், தமக்குச் சொந்தமான ஸ்பீட்மாஸ்டரை அணிந்தே புவியைச் சுற்றி வந்தார். 1964இல் நாசா, வீரர்களுக்கு வழங்கத்தக்க கைக்கடிகாரங்களைத் தருமாறு பல நிறுவனங்களைக் கேட்டது. மூன்று நிறுவனங்களின் கடிகாரங்கள் சோதனைக்குச் சென்றன. கடும் வெப்பம், கடுங்குளிர், வெற்றிடம், ஈரப்பதம், அதிர்ச்சி, அதிர்வு, பேரிரைச்சல் எனச் சோதனைகள் தொடர்ந்தன. வெப்பச் சோதனையில் 71 பாகை செல்சியசில் 48 மணி நேரமும், அதன்பின் 93 பாகையில் அரைமணி நேரமும் கடிகாரங்கள் கிடந்தன. ஏனைய இரண்டும் வீழ்ந்தன, ஸ்பீட்மாஸ்டர் தேறியது. 1965 மார்ச்சு முதல் நாள், விண்பயணத்திற்குத் தகுதியுடையது என அறிவிக்கப்பட்டது.

1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது. கலத்தின் மின்னணு நேரங்காட்டி பழுதுற்றமையால், ஆர்ம்ஸ்ட்ராங் தம் கடிகாரத்தைக் கலத்திலேயே விட்டு இறங்கினார். நிலவின் மண்மீது முதலில் இயங்கிய கைக்கடிகாரம் ஆல்டிரின் அணிந்திருந்தது.

ஆயினும் அக்கருவியின் அருமை வெளிப்பட்டது அடுத்த ஆண்டில்தான். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13இன் உயிர்வளிக் கலன் வெடித்தது. மின்னாற்றலைக் காக்கக் கணினி உள்ளிட்ட கருவிகளை அணைக்க நேர்ந்தது. புவியின் காற்று மண்டலத்துள் உரிய கோணத்தில் நுழைய, பாதையைச் சிறிது திருத்த வேண்டும். பொறியை 14 வினாடி மட்டுமே இயக்க வேண்டும். லவலும் ஹேய்சும் கலத்தின் திசையைக் காத்தனர். சுவிகெர்ட் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து வினாடிகளை எண்ணினார். கையால் முறுக்கேற்றும் பந்தயக் கடிகாரத்தை நம்பி மூன்று உயிர்கள் இருந்தன. மூவரும் நலமாகத் திரும்பினர்.

இன்று உலகம் அதனை ‘மூன்வாட்ச்’, அதாவது நிலவுக் கடிகாரம், என்றே அழைக்கிறது. உருவாக்கியோர் இட்ட பெயர் ஒன்று. பயன்பாடு ஈட்டித் தந்த பெயர் மற்றொன்று.

இவ்விடத்தில் நம் குறை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கலைச்சொல் ஆக்கும் குழுக்களில் நாம் பல்லாண்டுகள் அமர்ந்திருக்கிறோம். வேர் ஆராய்ந்தோம், புணர்ச்சி பார்த்தோம், பட்டியல் அச்சிட்டோம். அச்சொற்களை வகுப்பறைக்குக் கொண்டு சென்று, மாணவர் வாயில் அவை நிற்கின்றனவா என்று ஒருமுறையேனும் சோதித்தோமா? இல்லை. ஸ்பீட்மாஸ்டருக்குக் கிடைத்த வெப்பமும் குளிரும் நம் சொற்களுக்குக் கிடைக்கவில்லை. தேறாத சொற்களும் தேறியவைபோல் அகராதியில் உறங்குகின்றன. மாணவரோ ஆங்கிலச் சொல்லை நாடுகின்றனர். அதற்கு அவர்களைக் குறைகூறுவது முறையாகாது.

ஆசிரியர்களே, குரோனோகிராஃபுக்குக் ‘காலவரைவி’ என்னும் சொல்லை இன்று முன்வைக்கிறோம். அது இலக்கணத்தில் தவறாதது என்பதற்கு நாம் பொறுப்பு. ஒரு பருவம் அதனை உங்கள் வகுப்பில் வழங்கிப் பாருங்கள். மாணவர்கள் தாமே வேறொரு சொல்லை ஆக்கிக்கொண்டால் அதனைக் குறித்து வைத்து நமக்குத் தெரிவியுங்கள். நம் சொல் தோற்று அவர்கள் சொல் தேறினால், அடுத்த பட்டியலில் அவர்கள் சொல்லையே அச்சிடுவோம்.